தரவுத்தளம் சொல்லும் 'இப்போது' எந்த நேரம்?

காலை 7.10 மணிக்கு எடைமேடையில் ஏறிய டிராக்டரின் ரசீதில் முந்தைய நாள் இரவு 9.52 என்று அச்சாகியிருந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. பங்குனி மாதம், பிசான அறுவடை மும்முரம். எடைமேடைக்கான மென்பொருளை எழுதியவன் நான். கணக்குப்பிள்ளை ரசீதை என் முன்னால் வைத்து, "தம்பி, இந்த நெல் நேற்று ராத்திரி களத்தில் கிடந்தது. நேற்றே எப்படி எடை போட்டோம்?" என்று கேட்டார்.

நெல் விலை நாளுக்கு நாள் மாறும். ரசீதில் தேதி மாறினால் விவசாயியின் கைக்குப் போகும் பணம் மாறும். அதனால் வேறு வேலை எதையும் தொடாமல் உட்கார்ந்தேன். கணினியின் கடிகாரம் சரி. சர்வரின் கடிகாரமும் சரி. கணக்குப்பிள்ளை அண்ணாச்சி தம் கைநோட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதி வைத்திருந்தார். அதை ரசீதுகளுக்குப் பக்கத்தில் வைத்தோம். நோட்டில் 7.34, ரசீதில் 7.10. நோட்டில் 8.05, ரசீதில் 7.34. மூன்றாவது வரிக்கு வந்ததும் அவரே சொன்னார்: "ஒவ்வொரு வண்டிக்கும் முந்தைய வண்டியின் நேரமல்லவா விழுந்திருக்கிறது."

ஏன் அப்படி விழுந்தது என்பதைப் புரிந்துகொள்ள, "இப்போது மணி என்ன?" என்று கேட்டால் தரவுத்தளம் எதைப் பார்த்துப் பதில் சொல்கிறது என்று தெரிய வேண்டும். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் கண்ணால் பாருங்கள்

போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் கட்டளைத் திரையைத் திறந்து இவற்றை வரிசையாகக் கொடுங்கள்.

பிகின்;
செலக்ட் நவ்(), கிளாக்_டைம்ஸ்டாம்ப்();

இப்போது எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். திரையை மூட வேண்டாம். வந்ததும் அதே வரியை மறுபடி கொடுங்கள்.

செலக்ட் நவ்(), கிளாக்_டைம்ஸ்டாம்ப்();
கமிட்;

கிளாக்_டைம்ஸ்டாம்ப் பத்து நிமிடம் நகர்ந்திருக்கும். நவ் ஒரு மைக்ரோ நொடிகூட நகர்ந்திருக்காது. முதல் தடவை என்ன சொன்னதோ அதையே எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொல்லும்.

இது பிழையன்று, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். பிகின் என்று சொன்னதும் ஒரு பரிவர்த்தனை தொடங்குகிறது. கமிட் வரை நடப்பதெல்லாம் ஒரே காரியம். அதற்குள் பத்து அட்டவணைகளில் எழுதினாலும் பத்திலும் ஒரே நேரம் விழ வேண்டும் என்பதற்காக, பரிவர்த்தனை தொடங்கிய நொடியையே நவ் கடைசி வரை சொல்லிக்கொண்டிருக்கும். நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு எழும்பூரில் ஏறி மறுநாள் காலை நம் ஜங்ஷனில் இறங்குகிறோம். நடுவில் நாள் மாறிவிடுகிறது. டிக்கெட்டில் இருப்பதோ ஏறிய நாளின் தேதிதான். நவ் அந்த டிக்கெட். கிளாக்_டைம்ஸ்டாம்ப் உங்கள் கையில் கட்டியிருக்கும் கடிகாரம்.

பிகின் கொடுக்காமல் வெறுமனே செலக்ட் நவ்() என்று இருமுறை கேட்டால் இரண்டு வேறு நேரங்கள் வரும். அப்போது ஒவ்வொரு கட்டளையும் தானே ஒரு பரிவர்த்தனையாக ஓடி முடிகிறது. கற்றுக்கொள்ளும்போது எல்லோரும் இப்படித்தான் சோதிக்கிறோம். "நவ் சரியாகத்தானே ஓடுகிறது" என்ற நம்பிக்கை அங்கேயே மனத்தில் பதிந்துவிடுகிறது.

மூன்று நேரங்கள்

போஸ்ட்கிரஸில் மூன்று விதமான 'இப்போது' உண்டு. முதலாவது, பரிவர்த்தனை தொடங்கிய நேரம். நவ், கரண்ட்_டைம்ஸ்டாம்ப், டிரான்ஸாக்‌ஷன்_டைம்ஸ்டாம்ப் மூன்றும் இதையே சொல்லும். கரண்ட்_டைம்ஸ்டாம்ப் எழுதும்போது பின்னால் வெற்று அடைப்புக்குறி போடக் கூடாது. போட்டால் போஸ்ட்கிரஸ் ஏற்காது.

இரண்டாவது, இப்போது ஓடும் கட்டளை சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். ஸ்டேட்மென்ட்_டைம்ஸ்டாம்ப் இதைத் தரும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சர்வருக்குள் நீங்கள் எழுதி வைத்த ஒரு ஃபங்ஷன் பத்தாயிரம் வரிகளைச் சுற்றிச் சுற்றிச் செய்கிறது என்று வையுங்கள். உள்ளே எத்தனை கட்டளைகள் ஓடினாலும் இந்த நேரம் நகராது. வெளியிலிருந்து நீங்கள் அனுப்பிய கட்டளையைத்தான் அது கணக்கில் எடுக்கும்.

மூன்றாவது, உண்மையான கடிகாரம். கிளாக்_டைம்ஸ்டாம்ப் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் புதிய நேரம் சொல்லும்; ஒரே கட்டளைக்குள் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும்கூட வேறுபடும்.

எதை எங்கே வைப்பது? ஒரு ரசீதும் அதன் பன்னிரண்டு உருப்படிகளும் சேர்ந்து ஒரே பதிவு என்றால் நவ் போடுங்கள். பதின்மூன்று வரிகளும் ஒரே நேரத்தைச் சுமக்க வேண்டும், அதுதான் முறை. ஒரு சம்பவம் நடந்த நொடி வேண்டும் என்றால் - எடை விழுந்த நொடி, கதவு திறந்த நொடி - கிளாக்_டைம்ஸ்டாம்ப் போடுங்கள். ஒரு வேலை எவ்வளவு நேரம் ஓடியது என்று அளப்பதற்கும் அதுவே.

அதற்காக எல்லா இடத்திலும் கிளாக்_டைம்ஸ்டாம்பைப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். "கடந்த ஒரு மணி நேரத்தில் வந்த வண்டிகள்" என்று தேடும்போது நிபந்தனையில் அதை வைத்தால், வரிக்கு வரி மதிப்பு மாறக்கூடும் என்பதால், தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸைப் போஸ்ட்கிரஸ் பயன்படுத்தாது. அட்டவணை முழுவதையும் புரட்டும். நவ் வைத்தால் இண்டெக்ஸ் வழியாக நேரே போய் நிற்கும்.

அட்டவணை உருவாக்கும்போது இன்னொரு இடத்தில் கவனம் தேவை. நேரப் பத்திக்கு (அட்டவணையின் நெடுவரிசைக்கு) இயல்பு மதிப்பாக நவ்() என்று ஃபங்ஷனாகக் கொடுங்கள். டைம்ஸ்டாம்ப் என்று எழுதி மேற்கோளுக்குள் 'நவ்' என்று சொல்லாகக் கொடுத்தால், அட்டவணை உருவான நொடியே அது தேதியாக மாறி உறைந்துவிடும். அதன்பின் எந்த வருடம் வரி சேர்த்தாலும் அந்த நாளே விழும்.

ஆலையில் நடந்தது

அந்த மென்பொருள் முதலில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஓடியது. அங்கே நவ் என்பது கட்டளை தொடங்கிய நேரம். பரிவர்த்தனைக்குள் இருந்தாலும் அடுத்த கட்டளைக்கு அடுத்த நேரம். பிறகு போஸ்ட்கிரஸுக்கு மாற்றினோம். நவ் என்ற பெயர் இரண்டிலும் ஒன்றே என்பதால் அந்த வரியை யாரும் தொடவில்லை. பெயர் ஒன்று, பொருள் வேறு. மொத்தக் குழப்பத்தின் வேர் அது.

மீதியைச் செய்தது இணைப்பு மென்பொருள். பைதான் மொழியில் போஸ்ட்கிரஸோடு பேசுவதற்குப் பலரும் பயன்படுத்தும் சைகோபிஜி, இயல்பாகவே முதல் கட்டளை போனவுடன் தானாக ஒரு பரிவர்த்தனையைத் திறந்துகொள்ளும். வெறும் செலக்டாக இருந்தாலும் திறக்கும். நீங்கள் கமிட் சொல்லும் வரை அதை மூடாது.

எங்கள் நிரலில் ஒரு வண்டி எடை போட்டு முடிந்ததும் பதிவு நடக்கும், கமிட் நடக்கும். உடனே, காத்திருக்கும் வண்டிகளின் பட்டியலைத் திரையில் புதுப்பிக்க ஒரு செலக்ட் ஓடும். அதற்குப் பின் கமிட் இல்லை. படிக்கத்தானே செய்தோம், எதற்குக் கமிட் என்று விட்டுவிட்டோம். அந்த செலக்ட் ஒரு பரிவர்த்தனையைத் திறந்துவைத்துக் காத்திருந்தது. அடுத்த வண்டி இருபது நிமிடம் கழித்து மேடை ஏறியது. அதன் பதிவு ஏற்கெனவே திறந்திருந்த பரிவர்த்தனைக்குள் விழுந்தது. நவ் சொன்னது திரை புதுப்பிக்கப்பட்ட நேரம்; அதாவது முந்தைய வண்டி இறங்கிய நேரம். இரவு கடைசி வண்டி 9.52. கணினியை யாரும் அணைக்கவில்லை. காலை முதல் டிராக்டருக்கு அந்த 9.52 விழுந்தது.

இதே சந்தேகம் உங்களுக்கு வந்தால் இணைப்புகளின் நிலையைப் பட்டியலிடும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற காட்சியைக் கேளுங்கள். அதில் ஸ்டேட் என்ற பத்தியில் 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' என்று ஓர் இணைப்பு நின்றால், அது வேலை எதுவும் செய்யாமல் பரிவர்த்தனையைத் திறந்துவைத்திருக்கிறது என்று பொருள். பக்கத்தில் எக்ஸாக்ட்_ஸ்டார்ட் (xact_start) பத்தியில் எப்போது திறந்தது என்று இருக்கும். எங்கள் சர்வரில் அந்த நேரமும் கடைசி வண்டியின் நேரமும் நொடி சுத்தமாகப் பொருந்தி நின்றன.

திருத்தம் இரண்டு இடத்தில். எடை நேரப் பத்தியில் நவ்வை எடுத்துவிட்டுக் கிளாக்_டைம்ஸ்டாம்ப் வைத்தோம். படிக்கும் செலக்டுக்குப் பின்னும் பரிவர்த்தனையை மூடினோம். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்தால் ரசீது சரியாகிவிடும். ஆனால் திறந்தே கிடக்கும் பரிவர்த்தனை, பழைய வரிகளைத் துப்புரவு செய்யும் வேலையைத் தடுக்கக்கூடும், அட்டவணை ஊதலாம். ஐடில்_இன்_டிரான்ஸாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட் என்ற அமைப்பில் ஐந்து நிமிடம் என்று வைத்தால் அப்படிப்பட்ட இணைப்பைப் போஸ்ட்கிரஸே துண்டிக்கும். சோதனைச் சர்வரில் இதைக் கட்டாயம் வையுங்கள். மறந்துபோன கமிட் அங்கேயே அகப்பட்டுவிடும்.

மற்ற தரவுத்தளங்களில்

மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்கள் இதைக் கொடுத்துப் பாருங்கள்:

செலக்ட் நவ்(), ஸ்லீப்(2), நவ்();
செலக்ட் சிஸ்டேட்(), ஸ்லீப்(2), சிஸ்டேட்();

முதல் வரியில் இரண்டு நேரமும் ஒன்றே. இரண்டாவதில் இரண்டு நொடி வித்தியாசம் இருக்கும். அங்கே நவ் கட்டளையின் தொடக்கத்தையும், சிஸ்டேட் கூப்பிட்ட நொடியையும் சொல்கின்றன. சிஸ்டேட் நிபந்தனையில் வந்தால் இண்டெக்ஸ் பயன்படாது. கட்டளைகளையே நகலெடுத்து அனுப்பும் வகைப் பிரதியாக்கத்திலும் அது பாதுகாப்பற்றது, ஏனெனில் நகல் சர்வரில் அது வேறு நேரம் சொல்லும். மைஎஸ்கியூஎல்லில் நவ்() முழு நொடிதான் தரும். மைக்ரோ நொடி வேண்டுமானால் நவ்(6). டைம்ஸ்டாம்ப் வகைப் பத்தி 2038 ஜனவரி 19 வரைக்கும்தான் தாங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீண்ட காலக் குத்தகைகளின் முடிவுத் தேதி இப்போதே அந்த எல்லையைத் தாண்டுகிறது. அதற்கு டேட்டைம் வகையே சரி.

ஆரக்கிளில் சிஸ்டேட், சிஸ்டைம்ஸ்டாம்ப் இரண்டும் சர்வர் இருக்கும் இயந்திரத்தின் நேரம். கரண்ட்_டேட், கரண்ட்_டைம்ஸ்டாம்ப் இரண்டும் உங்கள் இணைப்பின் நேர மண்டலத்தில் வரும். இணைப்பும் சர்வரும் வேறு மண்டலங்களில் இருந்தால் இவை வேறு வேறு நேரம் சொல்லும். எஸ்கியூஎல் சர்வரில் கெட்டேட் பழையது, மூன்று மில்லி நொடிக்கு நெருக்கமான துல்லியம். சிஸ்டேட்டைம் அதைவிட நுட்பமானது. எஸ்கியூலைட்டில் கரண்ட்_டைம்ஸ்டாம்ப் எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் வரும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். கைபேசிச் செயலி எழுதும் பிள்ளைகள் அதிகம் இடறுவது இங்கேதான்.

ஐந்தரை மணி நேரம்

நம் பக்கத்துக் கிராமங்களில் விடியும் முன்பே பால் கறந்து சங்கத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். 5.10 மணிக்கு அளந்த பாலுக்கு என்ன தேதி விழும்? வாடகைக்கு எடுத்த சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். அங்கே அப்போது முந்தைய நாள் இரவு 11.40. கரண்ட்_டேட் கேட்டால் நேற்றைய தேதி வரும். 5.30 ஆனதும் சர்வரில் நாள் மாறும். ஒரே வரிசையில் நின்ற இரண்டு பேரில் முன்னால் நின்றவருக்கு நேற்றைய கணக்கு, பின்னால் நின்றவருக்கு இன்றைய கணக்கு. பகலில் சோதித்துப் பார்க்கிறவர் கண்ணுக்கு இது ஒருநாளும் படாது.

போஸ்ட்கிரஸில் இதற்குத் தீர்வு எளிது. பத்தியை 'டைம்ஸ்டாம்ப் வித் டைம் ஸோன்' வகையில் வையுங்கள். பெயரைப் பார்த்து உள்ளே மண்டலத்தையும் சேர்த்துச் சேமிக்கிறது என்று எண்ண வேண்டாம். உலகப் பொது நேரமாக மாற்றிச் சேமித்து, கேட்கும்போது இணைப்பின் மண்டலத்துக்கு மாற்றிக் காட்டும், அவ்வளவே. இணைப்பு திறந்தவுடன் இதைக் கொடுங்கள்:

செட் டைம் ஸோன் 'ஏசியா/கொல்கத்தா';

அதன்பின் கரண்ட்_டேட் நம் ஊர்த் தேதியைச் சொல்லும். 'ஐஎஸ்டி' என்று சுருக்கி எழுதாதீர்கள். போஸ்ட்கிரஸின் இயல்பான சுருக்கப் பட்டியலில் அந்த மூன்றெழுத்து இஸ்ரேல் நேரத்தைக் குறிக்கிறது. மூன்றரை மணி நேரம் தவறிப்போகக்கூடும்.

இங்கே ஒன்று சொல்ல எனக்கு ஆசை. இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவது. திருநெல்வேலி சுமார் 77.7 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். ஆகவே நம் ஊர்ச் சூரியன் கடிகாரத்துக்கு ஏறக்குறைய 19 நிமிடம் பின்னால் நடக்கிறது. 1906-க்கு முன்னால் சென்னை நேரம் ஒன்று இருந்தது. உலகப் பொது நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னால். கணினிகளின் நேர மண்டலப் பட்டியலில் அந்த வரலாறு இன்றும் பத்திரமாக இருக்கிறது. கொல்கத்தா மண்டலத்தை வைத்துக்கொண்டு 1900-ஆம் ஆண்டின் ஒரு தேதியைப் போஸ்ட்கிரஸில் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் +05:21:10 என்று வரும். பழைய பத்திரங்களையும் ஜாதகங்களையும் கணினியில் ஏற்றுகிறவர்கள் இதைக் கண்டு திகைக்க வேண்டாம். அப்படிப்பட்ட தேதிகளுக்கு நேரமே இல்லாத வெறும் தேதி வகையைப் பயன்படுத்துங்கள்.

எந்தக் கடிகாரத்தை நம்புவது

பதிவு நேரத்தைச் சர்வரிடமே கேளுங்கள். மேடைப் பக்கத்துக் கணினியிடம் கேட்காதீர்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த ஒரு பழைய கணினி மின்சாரம் போய் வந்ததும் பல வருடம் பின்னால் போய்விடும்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இணையம் அறுந்தால்? எடை மேடையில் விழுந்துவிடும். பதிவு சர்வருக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் போய்ச் சேரும். அதனால் நான் இரண்டு பத்திகள் வைக்கிறேன்: எடை போட்ட நேரம், பதிவு வந்து சேர்ந்த நேரம். முதலாவதை மேடைக் கணினி சொல்லட்டும், இரண்டாவதைச் சர்வர் சொல்லட்டும். இரண்டுக்கும் இடைவெளி அதிகமான வரிகளை ஒரு மனிதர் பார்க்கட்டும். வண்டிகளின் வரிசையை நேரத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். இணையக் கடிகாரத்தோடு ஒத்துப்போகச் சர்வரின் கடிகாரம் திருத்தப்படும்போது கிளாக்_டைம்ஸ்டாம்ப் சில நேரம் பின்னாலும் நகரும். வரிசைக்கு ரசீது எண்ணே சாட்சி.

ஒரு நாளின் பதிவுகளைத் தேடும்போது 'பிட்வீன்' போட்டு 23:59:59 வரை என்று எழுதாதீர்கள். அந்தக் கடைசி நொடிக்குள் விழுந்த வண்டி விடுபடும். இன்று நள்ளிரவு முதல், நாளை நள்ளிரவுக்கு முன் வரை என்று எழுதுங்கள்.

பழைய ரசீதுகள்

நிரலைத் திருத்தியபின், ஏற்கெனவே தவறாக விழுந்த வரிகள் மிச்சம் இருந்தன. கணக்குப்பிள்ளை மூன்றாவது வரியில் கண்டது இங்கே கைகொடுத்தது. ஒவ்வொரு வண்டிக்கும் முந்தைய வண்டியின் நேரம் விழுந்திருக்கிறது என்றால், ஒவ்வொரு வண்டியின் உண்மை நேரமும் அடுத்த வரியில் பத்திரமாக இருக்கிறது. போஸ்ட்கிரஸில் 'லீட்' என்றொரு ஃபங்ஷன் அடுத்த வரியின் மதிப்பை எடுத்துத் தரும். ரசீது எண் வரிசையில் அதை ஓட்டி, எல்லா நேரங்களையும் ஒரு படி மேலே நகர்த்திப் புதிய பத்தியில் எழுதினோம். பழைய பத்தியை அழிக்கவில்லை.

சில வரிகள் மட்டும் ஒட்டவில்லை. மின்சாரம் போய் நிரல் மறுபடி திறக்கப்பட்ட நாட்களில், அடுத்த வரியில் இருந்தது நிரல் திறந்த நேரம். முந்தைய வண்டியின் நேரம் அங்கே தொலைந்துவிட்டது. திருத்தத்துக்கு முன் விழுந்த கடைசி வரிக்கும் பார்க்க அடுத்த வரி இல்லை. அவற்றுக்கு அண்ணாச்சியின் நோட்டைத் திறந்தோம். அவர் வாசித்தார், நான் தட்டினேன். பிறகு அந்தக் காலை டிராக்டரின் ரசீதை 7.10 என்று மறுபடி அச்செடுத்து, விவசாயிக்குக் கொடுக்க அவரிடம் தந்தேன்.